ஓட்டைக் காலணாவில் ராஜா தலை ஏன் இல்லை?

கேள்வி இது: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நடுவில் ஓட்டை உள்ள செப்புக் காசுகள் சில கிடைத்திருக்கின்றன. 1943, 1944, 1947 என்று ஆண்டு தெரிகிறது. ஏன் ஓட்டை? வெள்ளைக்காரன் காலத்துக் காசு என்றால் ராஜா தலை எங்கே? இன்று விற்றால் என்ன கிடைக்கும்?

விலையைக் கடைசியில் சொல்கிறேன். அதைவிட நல்ல சங்கதிகள் அந்தக் காசில் இருக்கின்றன.

உங்கள் கையில் இருப்பது ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை ஆண்டு பொறித்து வந்தது. அன்றைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 காலணா, ஒரு காலணாவுக்கு 3 தம்பிடி. ஆக, ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. காலணாவுக்கே அன்று பைசா என்றும் பெயர். அதற்குக் கீழே அரைப் பைசாவும் (அதாவது அரைக் காலணா) தம்பிடியும் தனித்தனிக் காசுகளாகவே இருந்தன. 1942-க்குப் பிறகு அவை இரண்டையும் அச்சடிக்கவில்லை. அதனால் 1943-இல் அக்கசாலையிலிருந்து, அதாவது நாணயம் அடிக்கும் கூடத்திலிருந்து, வெளிவந்த காசுகளிலேயே மதிப்பில் சின்னது இந்த ஓட்டைக் காலணாதான். கூலிக்காரர், கீரை விற்பவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லார் கையிலும் புழங்கிய காசு.

இதற்கு முந்தைய காலணா வேறு மாதிரி இருந்தது. 1942 என்று ஆண்டு போட்ட காலணா ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் அங்குலம் அகலம், அதாவது 25 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எடை 75 கிரெயின், நம் கணக்கில் 4.86 கிராம். ஒரு பக்கம் முடி சூடிய ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, பேரரசர் என்ற பட்டத்தோடு. மறுபக்கம் பூவேலை வளையத்துக்குள் ஒரு கால் அணா என்று ஆங்கிலத்தில் எழுத்து, இந்தியா, ஆண்டு. கையில் எடுத்தால் காசு என்று சொல்லும்படி ஒரு கனம் இருக்கும். 1943-இல் வந்ததோ 21 மில்லிமீட்டர் அகலம், 30 கிரெயின் எடை, அதாவது 1.94 கிராம். பழைய கனத்தில் பாதிகூட இல்லை. அறுபது சதவீத உலோகம் ஒரே வெட்டில் போய்விட்டது. ஒரு ரூபாய்க்குப் பழைய காலணாவாக வாங்கினால் 311 கிராம் வெண்கலம் கைக்கு வரும். புதியதாக வாங்கினால் 124 கிராம்தான்.

இந்த வெட்டு ஏன் விழுந்தது என்பதற்கு 1940-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. அடுத்து இங்கிலாந்தும் விழும், அது விழுந்தால் அவர்கள் அச்சடித்த காகிதத்துக்கு என்ன மதிப்பு என்ற பயம் இந்தியா முழுக்கப் பரவியது. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயாக மாற்றிக்கொள்ள ஜனங்கள் வரிசை கட்டினார்கள். மாற்றிய வெள்ளி வெளியே வரவில்லை. பானைக்குள்ளும் மண்ணுக்கடியிலும் போய்விட்டது. அரசு முதலில் மிரட்டிப் பார்த்தது. தேவைக்கு மேல் நாணயம் சேர்த்து வைப்பது குற்றம் என்று இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் உத்தரவு போட்டது. அடுத்த மாதமே ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. அந்த ஆண்டிலேயே வெள்ளிக் காசுகளில் வெள்ளியின் பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய 92-இலிருந்து 50-ஆக இறங்கியது. விக்டோரியா ரூபாய் 1941-இலும், எட்வர்டு ரூபாய் 1942-இலும், ஜார்ஜ் மன்னர்களின் பழைய தரத்து வெள்ளி ரூபாய் 1943-இலும் செல்லாதவை ஆயின. ஆனாலும் பதுங்கிய வெள்ளியில் பெரும்பகுதி திரும்பவில்லை. ஜனங்கள் செய்தது சரியான கணக்கு என்றே நான் நினைக்கிறேன். அரசே நல்ல காசை எடுத்துக்கொண்டு மட்டமான காசைக் கொடுக்கும்போது, கையிலிருக்கும் நல்லதை யார் விடுவார்கள்?

வெள்ளிக்கு நேர்ந்தது சீக்கிரமே செம்புக்கும் நேர்ந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. 1942 பிப்ரவரிக்குள் மலேயாவும் சிங்கப்பூரும் அவர்கள் வசமாகின. உலகத்துக்கே வெள்ளீயம் கொடுத்த சுரங்கங்கள் மலேயாவில் இருந்தன. காலணா வெண்கலக் காசு, செம்போடு வெள்ளீயம் சேராமல் வெண்கலம் இல்லை. செம்போ துப்பாக்கித் தோட்டாவுக்கும் பீரங்கிக் குண்டின் உறைக்கும் தந்திக் கம்பிக்கும் வேண்டியிருந்தது. உலோகத்தின் விலை ஏற ஏற, காசாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பதில் லாபம் என்ற நிலை நெருங்கியது. பெரிய காலணா கடைகளிலிருந்து மறையத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் அந்த ஆண்டு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டன. அடுத்தது சென்னைதான் என்று பட்டணத்தைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் ரயிலேறினார்கள். அரசு அலுவலகங்களே வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம். காந்தியும் காங்கிரஸ் தலைவர்களும் மறுநாள் விடியலிலேயே கைது. தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது, சூலூரில் விமானத் தளத்துக்குத் தீ வைக்கப்பட்டது, குலசேகரன்பட்டினத்தில் உப்பளத்தில் மோதல் நடந்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். தந்திக் கம்பிகள் அறுபட்டன, தண்டவாளங்கள் பெயர்ந்தன. இந்த அரசு அடுத்த ஆண்டு இருக்குமா என்று யாருக்கும் நிச்சயமில்லாத நேரம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் கையில் உலோகம் இருப்பதே தெம்பு.

இதற்கு நேர் எதிராக, சில்லறைக்கான தேவை ஏறிக்கொண்டே போனது. பிரிட்டன் தன் போர்ச் செலவுக்கு இந்தியாவில் வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் உரிய பணம் லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில், அதாவது பிரிட்டிஷ் பவுண்டில், வரவாக எழுதப்பட்டது. அந்த வரவைக் காட்டி இங்கே நோட்டு அச்சடிக்கப்பட்டது. போர் தொடங்கியபோது புழங்கிய நோட்டு, போர் முடியும்போது ஆறு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. ராணுவ முகாம், சாலை வேலை, விமானத் தளக் கட்டுமானம் என்று கூலி கொடுக்க வேண்டிய இடங்கள் பெருகின. கூலி நோட்டாக வந்தால் அதை மாற்றக் காலணாவும் அரையணாவும் வேண்டும். அது கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், தபால் தலையைச் சில்லறையாக நீட்டினார்கள். ராஜஸ்தான், கத்தியவார் பக்கத்துச் சமஸ்தானங்கள் சில காலணாவுக்கும் அரையணாவுக்கும் அட்டையில் கூப்பன் அச்சடித்தே சமாளித்தன.

இந்த நெருக்கடிக்கு அரசு கண்ட வழிதான் ஓட்டைக் காலணா. அதே உலோகத்தில் இரண்டரை மடங்கு காசு அடிக்கலாம். உருக்கினால் யாருக்கும் லாபம் நிற்காது, ஆகவே பதுங்காது.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். செம்பை மிச்சம் பிடிக்கத்தான் ஓட்டை போட்டார்கள் என்பது வழக்கமான பதில். அது பாதிதான் சரி. எடைக் கணக்கைப் பாருங்கள். முன்பிருந்தே புழங்கிய அரைப் பைசாவின் எடை 2.43 கிராம், அகலம் 21 மில்லிமீட்டர். புதிய காலணாவின் அகலமும் 21 மில்லிமீட்டர்தான். அரைப் பைசாவின் நடுவைத் தோண்டி எடுத்தால் எவ்வளவு எடை மிஞ்சுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இதன் எடை. அதாவது ஓட்டையால் மிச்சமானது அரை கிராம். மீதி இரண்டரை கிராம் மிச்சமானது காசையே சிறிதாக்கியதால். ஓட்டை இல்லாமல் இந்தக் காசை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே அளவு, அதே நிறம் உள்ள அரைப் பைசாக்கள் ஊரெல்லாம் புழங்கிக்கொண்டிருந்தன. பாதி மதிப்புள்ள காசைக் காலணா என்று தள்ளிவிடுவது ரொம்பச் சுலபமாகியிருக்கும். அதிலும் பெரும்பாலானோர் எழுத்துப் படிக்கத் தெரியாதவர்கள், காசை அளவாலும் தடவலாலும் அறிந்தவர்கள். மடியிலிருந்து இருட்டில் எடுத்தாலும் விரல் நுனி ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே செம்பைச் சேமித்தது அளவுக் குறைப்பு, அந்தக் குறைப்பைக் குழப்பமில்லாமல் ஜனங்களிடம் செல்லுபடியாக்கியது ஓட்டை. என் முடிவு இதுதான்.

ஓட்டை போட்ட காசு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குப் புதிதும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 1900-களின் முதல் பத்தாண்டிலிருந்தே அவர்கள் அப்படிக் காசு விட்டிருந்தார்கள். அங்கே அதைக் கயிற்றில் கோத்து எண்ணிக் கொண்டுபோவது வசதி. இங்கேயும் அது நடந்தது. குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் ஓட்டைக் காலணாவைக் கோத்துக் கட்டினார்கள். பட்டறைக்காரர்கள் வாஷராகவே போட்டுவிட்டார்கள். இன்றும் பழைய வண்டியையோ கதவையோ பிரித்தால் போல்ட்டுக்கு அடியில் ஒன்று அகப்படுவது உண்டு.

ராஜா தலை இல்லாததற்குக் காரணமும் அந்த ஓட்டைதான். நடுவில் இடமில்லை, தலையை வைக்க முடியாது. எனவே மேலே ஒரு கிரீடம் மட்டும் வைத்து, சுற்றிலும் மதிப்பு, இந்தியா, ஆண்டு என்று எழுதினார்கள். காலணா என்று ஆங்கிலத்தில் எழுதி வந்த இடத்தில் 1 பைஸ் என்று வந்தது. மறுபக்கம் ஓட்டையைச் சுற்றி இலைக்கொடி வளையம். மன்னரின் பெயர்கூட இல்லை. 1862-இல் விக்டோரியா பெயரில் தொடங்கி பிரிட்டிஷ் இந்தியாவில் அடித்த புழக்கக் காசுகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். தம்பிடி முதல் ரூபாய் வரை ஒவ்வொன்றிலும் ஆள்பவரின் தலை இருக்கும். இந்த ஒன்றில்தான் இல்லை. அதை யாரும் அரசியல் காரணத்துக்காகச் செய்யவில்லை, உலோகத் தட்டுப்பாடு செய்யவைத்தது. இருந்தாலும் நாட்டின் மிக ஏழைகள் கையில் தினமும் புழங்கிய காசிலிருந்து ராஜாவின் முகம், அவருடைய ஆட்சி போவதற்கு நான்கு ஆண்டு முன்பே போய்விட்டது என்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த 1943 வங்காளப் பஞ்சத்தின் ஆண்டும்கூட. முப்பது லட்சம் பேர் செத்தார்கள் என்று பொதுவாகக் கணக்கிடப்படும் பஞ்சம் அது. கையில் காசு இருந்தவர்களுக்கும் அரிசி விலை எட்டவில்லை. கனம் குறைந்த அந்தக் காலணா அந்த மாதங்களில் எத்தனை கைகளில் பயனற்றுக் கிடந்திருக்கும் என்பதை மறந்துவிட்டு அதை வெறும் சேகரிப்புப் பொருளாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

எங்கே அடித்தது என்று தெரிந்துகொள்ள ஒரு லென்ஸ் வேண்டும். கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகள் இரண்டும் இரவு பகலாக ஓடியும் போதவில்லை. 1943-இல் லாகூரில் புதிதாக ஒரு அக்கசாலை திறந்தார்கள். ஜப்பான் கல்கத்தாவை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ள லாகூர் பாதுகாப்பான இடம். அதுவும் போதாமல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அடித்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஆங்கில எல் எழுத்து சின்னதாக இருந்தால் லாகூர். சிறு புள்ளியோ வைர வடிவமோ இருந்தால் பம்பாய். குறி எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா அல்லது பிரிட்டோரியா. கிரீடத்தையும் கவனியுங்கள். சிலவற்றில் அதன் மேல்புறம் உருண்டும், சிலவற்றில் தட்டையாகவும் இருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றைத் தனித்தனி ரகமாக எண்ணுவார்கள்.

உங்களிடம் உள்ள 1947 காசைத் தனியாக எடுத்து வையுங்கள். போர் முடிந்தபின் மற்ற காசுகள் எல்லாம் மாறின. 1946, 1947-இல் கால் ரூபாய், அரை ரூபாய், ரூபாய் ஆகியவற்றிலிருந்து வெள்ளி முழுவதுமாகப் போய், புலி உருவம் பொறித்த நிக்கல் காசுகள் வந்தன. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடன் வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஓட்டைக் காலணா மட்டும் அப்படியே நீடித்தது. ஆகஸ்ட் 15 அன்று கொடி மாறியது, காசு மாறவில்லை. புதிய சின்னம், புதிய அச்சு எல்லாம் தயாராக 1950 வரை ஆனது. அதுவரை பழைய காசுகளே சுதந்திர இந்தியாவின் காசுகளாக ஓடின. மற்ற காசுகளில் எல்லாம் ஆட்சி இழந்த பேரரசர் பார்த்துக்கொண்டிருக்க, காலணாவில் அந்தச் சங்கடம் இல்லை, கிரீடம் மட்டும்தான். 1950 ஆகஸ்ட் 15-இல் சாரநாத் சிங்கத் தலை பொறித்த புது வரிசை வந்தது. அதில் ஒரு பைசாவின் மறுபக்கம் பாயும் குதிரை. ஓட்டை அடைபட்டுவிட்டது.

பாகிஸ்தானில் கதை வேறு. லாகூர் அக்கசாலை எல்லைக்கு அந்தப் பக்கம் போயிற்று. 1948-இல் அந்த நாடு தன் முதல் நாணய வரிசையை வெளியிட்டபோது, ஒரு பைசாவில் ஓட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, கிரீடத்துக்குப் பதில் பிறையையும் நட்சத்திரத்தையும் போட்டார்கள். சில ஆண்டுகள் அது ஓடியது. சேகரிக்கும் எண்ணம் இருந்தால் இந்த மூன்றையும், அதாவது 1947 கிரீடக் காசு, 1948 பிறைக் காசு, 1950 குதிரைக் காசு மூன்றையும் சேர்த்து வையுங்கள். பிரிவினையைப் பற்றி இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு தெளிவாகவும் பேசும் வேறு தொகுப்பு எனக்குத் தெரியாது.

சமஸ்தானங்கள் பற்றி இடையில் ஒரு வார்த்தை. புதுக்கோட்டைக்காரர்கள் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு அங்கே இதே ஆண்டுகளில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரை. கட்ச் சமஸ்தானம் 1947-ஐ ஒட்டித் தன் காசுகளில் ஜெய் ஹிந்த் என்று பொறித்தது. பெரிய அரசு மூன்று ஆண்டு எடுத்துக்கொண்ட காரியத்தைச் சின்ன சமஸ்தானம் உடனே செய்துவிட்டது.

ஓட்டைக் காலணாவின் புழக்கம் 1957 ஏப்ரல் 1-இல் தசம முறை, அதாவது ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற கணக்கு, வந்ததோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. அப்போது சட்டப்படி ஒரு காலணாவுக்கு 2 நயா பைசா, அரையணாவுக்கு 3, முக்காலணாவுக்கு 5, ஓரணாவுக்கு 6 என்று மாற்றுக் கணக்கு. கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்து ஓடின. கணக்குத் தெரியாதவர்கள் ஒவ்வொரு மாற்றலிலும் கொஞ்சம் இழந்தார்கள். நாலு காலணாவைத் தனித்தனியாக மாற்றினால் 8 நயா பைசா, ஓரணாவாகச் சேர்த்து மாற்றினால் 6 என்றால் யார் எப்படி மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி விலை. இந்தக் காசு கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது, இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. தேய்ந்த சாதாரணக் காசுக்கு நாணய வியாபாரி சில பத்து ரூபாய் தருவார். அக்கசாலையிலிருந்து வந்த சிவப்புப் பளபளப்பு அப்படியே இருந்தால் கொஞ்சம் கூடும். ஓட்டை நடுவில் விழாமல் ஒரு பக்கமாக விலகியிருந்தாலோ, ஓட்டையே விழாமல் போயிருந்தாலோ நல்ல விலை உண்டு. ஆனால் ஓட்டை இல்லாதது என்று காட்டப்படுபவற்றில் அடைத்து மெழுகிய போலிகளும் உண்டு, எடை போட்டுப் பாருங்கள். லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம், வரி கட்டுங்கள் என்று யாராவது போன் செய்தால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இந்த மோசடி நடக்கிறது. பழைய காசு வாங்கும் விற்கும் வேலையில் தனக்குச் சம்பந்தமே இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று, அவசரமானது. பூஜைப் பாத்திரம் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எலுமிச்சை, வினிகர், மெட்டல் பாலிஷ் எதுவும் வேண்டாம். எண்பது ஆண்டாகப் படிந்த பழுப்பு மெருகு ஐந்து நிமிடத்தில் போய், காசு ரோஸ் நிறத்தில் இளித்துக்கொண்டு நிற்கும். அதை எந்தச் சேகரிப்பாளரும் தொட மாட்டார். வெறும் அழுக்கு என்றால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் செம்பைக் கெடுக்கும், காகித உறையே போதும். உறைமேல் ஆண்டும் அக்கசாலைக் குறியும் எழுதிவிட்டு, கூடவே அது தாத்தா பெட்டியில் இருந்தது என்பதையும் அவர் பெயரோடு எழுதி வையுங்கள்.